விம்பிள்டன் நிர்வாகக் குழுவுக்கு: அந்த இரண்டு மணி நேரத்தைத் திருப்பித் தாருங்கள்

லண்டன் சர்ச் ரோட்டில் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப் நிர்வாகக் குழுவினருக்கு,

கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். மழையும் நல்லபடியாகப் பெய்துகொண்டிருக்கிறது. உங்கள் நலமும் உங்கள் புல்லின் நலமும் அறிய ஆவல்.

"தமிழ்ல எழுதினா அவங்களுக்கு எப்படிப்பா புரியும்?" என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் கேட்டாள். "நாப்பது வருஷமா அவங்க சொல்லுத கமென்ட்ரிய நான் அரையும் குறையுமா புரிஞ்சிட்டுத்தானே கிடக்கேன் மக்களே. ஒரு தடவ அவங்களும் கஷ்டப்படட்டும்" என்றேன். அதனால் தமிழ்.

விஷயம் இதுதான். இந்த 2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, சின்னரும் அல்கராஸும் மோதிய ஆண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டத்தை நீங்கள் மாலை 4 மணிக்குத் தொடங்கினீர்கள். எங்களுக்கு அது இரவு 8.30. போன வருஷம் வரை மதியம் 2 மணிக்குத் தொடங்கினீர்கள். எங்களுக்கு மாலை 6.30. இந்த மடல் முழுக்க அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான். உங்கள் மேல் வேறு பெரிய குறை இல்லை. சின்னக் குறை இருந்தால் நடுவில் தானாக வந்து விழும்.

மாலை ஆறரை என்பது எங்கள் வீட்டில் எப்படிப்பட்ட நேரம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதத்து ஞாயிறு. காலையில் ஆராதனை முடிந்து, மதியம் சோறும் மீன்கறியும் தின்று, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தாயிற்று. மாடு கறந்தாயிற்று. வெளியே ஓட்டின் மேல் மழை. உள்ளே ஒரு சட்டி நிறைய அவித்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி). அம்மியில் நசுக்கிய காந்தாரி மிளகாயும் உள்ளியும், மேலே பச்சைத் தேங்காயெண்ணெய். ஆளுக்கு ஒரு தம்ளர் கட்டன்சாயா, பால் விடாதது. உங்கள் மைதானத்தில் ஸ்ட்ராபெரியும் கிரீமும் விற்கிறீர்கள், பல வருஷம் 2.50 பவுண்டாக இருந்ததை இந்த வருஷம் 2.70 ஆக்கிவிட்டீர்கள் என்று படித்தேன். எங்கள் கிழங்கு எங்கள் விளையிலேயே பிடுங்கியது, விலை ஏறவில்லை. நாணயம் சுண்டும்போது சட்டி நிறைந்திருக்கும். முதல் செட் முடியும்போது அடி தெரியும். அதுதான் எங்கள் கணக்கு.

மூன்று நேர் செட்டில் முடிந்தால் ஒன்பது மணிக்குக் கோப்பையைத் தூக்கிவிடுவார்கள். நாலு செட் போனால் பத்து. ஐந்து செட் போனாலும் பதினொன்றரைக்குப் பாயில் விழுந்துவிடலாம்.

பதினொன்றரை ஏன் முக்கியம் என்றால், எனக்கு அதிகாலை மூன்றரைக்கு வேலை தொடங்குகிறது. ஞாயிறு எங்களுக்கு வெட்டு கிடையாது. திங்கள் கட்டாயம் உண்டு. இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தோளில் ஒட்டுப்பால் போடும் கூடையோடு இறங்கினால், விடிவதற்குள் இருநூற்றைம்பது மரத்தை முடிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மரம் பாலை இறக்காது. குளிர்ச்சி இருக்கும்போதுதான் ஒழுகும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று மரத்திடம் சொல்ல முடியாது, நாளைக்கு அடுத்த வரிசை காத்துக் கிடக்கும்.

வெட்டு என்ற சொல்லைக் கேட்டு முரட்டு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பட்டையில் சரிவாக ஒரு சால் இருக்கும். அதன் ஓரத்தில், முந்தைய வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, கத்தியால் பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் தடியில் காயம் பட்டு, பட்டை திரும்ப வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும். சீவின உடனே வெள்ளைக் கோடு ஒன்று ஊறி, சாலில் வழிந்து, தகரச் சில்லு வழியாகச் சிரட்டைக்குள் சொட்டும். உங்கள் ஆட்டக்காரர் வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தைத் தொட்டும் தொடாமலும் இறக்கி வைப்பாரே, அந்தக் கைப்பக்குவம்தான் இதற்கும். தூக்கம் கெட்டால் முதலில் போவது அதுதான்.

சாட்சி இருக்கிறது. என் விளையில் மேற்கு வரிசையில் ஏழாவது மரத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு முண்டு உண்டு. அது 2008 ஜூலை 7, திங்கட்கிழமை விழுந்த காயம். முந்தைய நாள் உங்கள் இறுதி ஆட்டத்தில் நடாலும் ஃபெடரரும். இரண்டு தடவை மழை குறுக்கே வந்து, ஐந்தாவது செட் 9-7 வரை போய், ஆட்ட நேரம் மட்டும் 4 மணி 48 நிமிஷம். உங்கள் ஊரில் இருட்டிக்கொண்டு வந்தபோது எங்களுக்கு ஒன்றேமுக்கால். அப்பாவும் நானும் முழுக்கப் பார்த்தோம். படுத்தும் படுக்காமலும் எழுந்து போனேன். ஏழாவது மரத்தில் கத்தி அழுந்திவிட்டது. அப்பா விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, "சவம், நடால் வெட்டின வெட்டாக்கும் இது" என்றார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அது நடால் மரம்தான்.

ஆனால் அது மழை செய்த வேலை. மழையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஜூன் ஜூலையில் எங்கள் பிழைப்பே அதன் தயவில் ஓடுகிறது. நீங்கள் 2009-இல் இறுதி ஆட்டம் நடக்கும் சென்டர் கோர்ட்டுக்குக் கூரை போட்டீர்கள், நாங்கள் ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக்கில் பாவாடை கட்டித் தார் பூசுகிறோம். ஒரே எண்ணம்தான், கையிருப்புதான் வேறு. 1988-இல் எட்பர்க்கும் பெக்கரும் ஆடிய இறுதி ஆட்டம் ஞாயிறு சில கேம்களோடு மழையில் நின்று திங்கட்கிழமைக்குப் போனதே, அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பிப் பிடிக்க ஒருத்தர் மாடியில் நனைந்துகொண்டு நிற்க வேண்டும், அன்று என் முறை. படம் கிடைத்தது என்று கீழேயிருந்து சத்தம் வந்து நான் இறங்கி ஓடினால், உங்கள் ஆட்கள் தார்ப்பாயை இழுத்துப் புல்லை மூடிக்கொண்டிருந்தார்கள். யார் ஜெயித்தது என்பது செவ்வாய்க்கிழமைப் பேப்பரில்தான் தெரிந்தது. அதற்கும் நான் உங்களுக்கு மடல் எழுதவில்லை. வானம் செய்ததற்கு யாரை நோவது. இந்த இரண்டு மணி நேரம் வானம் செய்தது அல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்தது.

நீங்கள் சொன்ன காரணத்தைப் படித்தேன். இரட்டையர் இறுதி ஆட்டங்களை ஒற்றையருக்கு முன்னால், மதியம் 1 மணிக்கு வைத்தால் அவர்களுக்கும் நேரம் உறுதியாகத் தெரியும், கூட்டமும் கூடும். ஒற்றையர் கோப்பையைத் தூக்கும்போது உலகமெங்கும் மிக அதிகமான பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சரி, கடிகாரத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நியூயார்க்கில் காலை 9 மணி 11 ஆகிறது. லாஸ் ஏஞ்சலஸில் விடியற்காலை 6 மணி 8 ஆகிறது. அவர்கள் நிதானமாக எழுந்து காப்பி குடித்துக்கொண்டே பார்க்கலாம். இந்தப் பக்கம் வாருங்கள். பெய்ஜிங்கில் இரவு 9 மணி 11 ஆகிறது. டோக்கியோவில் நள்ளிரவு. சிட்னியில் திங்கட்கிழமை அதிகாலை 1 மணி. 'உலகம்' என்று நீங்கள் சொன்னது எந்தத் திசை என்று எனக்கு விளங்கிவிட்டது. சூரியன் எங்களுக்குத்தான் முதலில் உதிக்கிறது. அந்தப் பாவத்துக்கு நாங்கள்தான் விழித்திருக்க வேண்டுமாக்கும்!

தொலைக்காட்சி உரிமை, விளம்பரம், பணம் இதெல்லாம் உண்டு என்று தெரியாத ஆள் இல்லை நான். ரப்பர் விலையை எங்கோ உட்கார்ந்து யாரோ முடிவு செய்வதைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் கோபம் கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் ஃபிரெஞ்சு ஓபன் நடத்தும் பாரிஸ்காரர்களைப் பாருங்கள். இதே இரண்டு பேரும் ஜூன் 8 அன்று அங்கே இறுதி ஆட்டம் ஆடினார்கள். எங்களுக்கு மாலை ஆறரைக்குத் தொடங்கியது. 5 மணி 29 நிமிஷம். சின்னர் கையில் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட் (ஒன்றை எடுத்தாலே கோப்பை) இருந்து, மூன்றையும் விட்டு, கடைசி டைபிரேக்கரில் அல்கராஸ் 10-2 என்று கொண்டுபோனார். நள்ளிரவுக்குப் பத்து நிமிஷம் முன்னேபின்னே. முழுக்கப் பார்த்தேன். மூன்று மணி நேரம் தூங்கினேன். திங்கட்கிழமை மரங்களுக்கு ஒரு கீறல் அதிகம் விழவில்லை. அதே ஆட்டம் உங்கள் புதிய கணக்கில் நடந்திருந்தால் இரண்டு மணிக்கு முடிந்திருக்கும். பிறகு எதற்குப் படுக்க? உங்கள் ஊரில் இரவு 11 மணிக்கு மேல் ஆடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்கள், அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டும் என்று. எங்களுக்கு அது அதிகாலை மூன்றரை. நான் நெற்றியில் விளக்கைக் கட்டுகிற நேரம்.

இங்கே கொஞ்சம் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்குள் அவர் வழியாகத்தான் வந்தது.

மலையோரத்தில் ஒரு எஸ்டேட். பங்களாவுக்குப் பக்கத்தில் செம்மண் அடித்துச் சமப்படுத்திய ஒரு டென்னிஸ் களம். ஐம்பதுகளில் அங்கே துரைமாரும் மேனேஜர்மாரும் ஞாயிறு சாயங்காலம் ஆடுவார்கள். அப்பா பந்து பொறுக்கும் பையன். நாலணா கூலி. பந்து அப்போது வெள்ளை. நீங்கள் மஞ்சளுக்கு மாறியது 1986-இல்தானே. உரோமம் தேய்ந்து பொங்காமல் போன பந்து ஒன்றை ஒருநாள் கொடுத்திருக்கிறார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தாத்தாவின் பால்வெட்டுக் கத்தியால் பிளந்து பார்த்தாராம். 'புஸ்' என்று காற்று போனது. உள்ளே ரப்பர். "நம்ம பாலு கடலு கடந்து போயி உருண்டையாத் திரும்பி வந்திருக்குன்னு நெனச்சேன் மக்களே" என்பார். எங்கள் பாலாக இருக்க வாய்ப்பில்லை என்று பெரியவனான பிறகு எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

1960-லும் 1961-லும் ராமநாதன் கிருஷ்ணன் உங்கள் ஒற்றையர் அரை இறுதி வரை வந்தார். முதல் தடவை நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த தடவை ராட் லேவரிடமும் தோற்றார். அதற்கு முன்பே 1954-இல் சிறுவர் பட்டத்தை வென்றிருந்தார். கிருஷ்ணன் நம்ம நாகர்கோவில்ல பிறந்த ஆள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். லேவரிடம் தோற்ற செய்தியைப் படிப்பகத்தில் பேப்பரில் பார்த்துவிட்டு அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லையாம். அப்போது அவருக்குப் பதினேழு வயது. லேவர் மேல் அவருக்கிருந்த கசப்பு கடைசி வரை போகவில்லை. சென்டர் கோர்ட்டில் வயதான லேவர் உட்கார்ந்திருப்பதைக் கேமரா காட்டும்போதெல்லாம் "இன்னும் வந்துட்டு இருக்காரு பாரு" என்று முணுமுணுப்பார். அடுத்த கேமில் மறந்துவிடுவார்.

உங்கள் வெள்ளை உடுப்புச் சட்டம் அவருக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ரப்பர் பால் ஒரு துளி துணியில் பட்டால் காய்ந்து கறுத்து ஒட்டிக்கொள்ளும். என்ன அடித்துத் துவைத்தாலும் போகாது. எங்கள் ஆட்களின் வேலைச் சட்டையை மூலையில் நிறுத்தினால் தானாக நிற்கும். அதனால் மூன்று மணி நேரம் புல்லில் விழுந்து புரண்டும் ஒருத்தன் வெள்ளையாகவே எழுந்து வருவது அவருக்கு ஓர் அதிசயம்.

2019 ஜூலை 14. அந்த நாளை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அது உள்நாட்டுப் போர். ஒரே நேரத்தில் லார்ட்ஸில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி, உங்களிடம் ஜோகோவிச்சும் ஃபெடரரும். அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தர மாட்டேன் என்றார்கள். அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. எழுந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். திரை மறைந்துபோனது. கடைசியில் டிவி டென்னிஸுக்கு, கைப்பேசி கிரிக்கெட்டுக்கு என்று உடன்பாடு.

ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 8-7, சர்வ் அவர் கையில், 40-15. இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட். எங்கள் கடிகாரத்தில் பதினொன்று ஆகவில்லை. அப்பா ஃபெடரர் கட்சி. எழுந்தார். தோளில் துண்டைப் போட்டார். "முடிஞ்சு. இனி என்னத்துக்கு, நாளைக்கு வெட்டு உண்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். இரண்டு பாயின்ட்டும் போய், 12-12 வரை இழுத்து, டைபிரேக்கரில் ஜோகோவிச். 4 மணி 57 நிமிஷம். அதே நேரம் அடுத்த அறையில் சூப்பர் ஓவர் என்று பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அப்பா விழித்துவிடுவாரோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் அவரும் பால் எடுக்க வந்தார். வெட்ட முடியாத வயதிலும் சிரட்டையிலிருந்து பாலை வாளியில் ஊற்ற வந்துவிடுவார். ஃபெடரருக்கு இது ஒன்பதாவது பட்டம் என்று எட்டு வரிசைக்கும் சொல்லிக்கொண்டே வருகிறார். நான் வாயைத் திறக்கவில்லை. நடால் மரத்தடியில் வைத்துத்தான் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். "அந்தக் கடைசி அடிய வலைக்கு வந்து அடிச்சிருக்கப்பிடாது" என்றார். அவர் அந்த அடியைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தாரா, நான் சொன்னதிலிருந்து ஊகித்தாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

அப்பா போய் நாலு வருஷமாகிறது. நான் சொல்ல வருவது என்னவென்றால், அன்று ஆட்டம் ஆறரைக்குத் தொடங்கியதால் ஐந்தாவது செட்டின் பதினைந்து கேமும் அதற்கு முந்தைய நாலு செட்டும் அவர் கண்ணால் பார்த்தார். எட்டரைக்குத் தொடங்கியிருந்தால் இரண்டு செட்டோடு துண்டைத் தோளில் போட்டிருப்பார். ஊரில் அவரைப் போல வயதானவர்கள் இன்னும் உண்டு. எண்பதுகளில் தூர்தர்ஷனில் பார்க்கத் தொடங்கியவர்கள். பத்து மணிக்கு மேல் அவர்களுக்குக் கண் நிற்காது. பதினோரு மணிக்கு மேல் எங்களுக்கு நிற்கக் கூடாது.

இரட்டையர் விஷயத்தில் நீங்கள் செய்தது நல்ல காரியம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நியாயமாகப் பேச வேண்டும் இல்லையா. எங்கள் நாட்டுக்காரர்கள் உங்கள் புல்லில் பெரியவர்களுக்கான பட்டம் என்று எதையாவது தூக்கியது இரட்டையரில்தான். 1999-இல் பயஸும் பூபதியும், 2015-இல் ஹிங்கிஸோடு சானியா. அவை ஒற்றையர் முடிந்து பாதிக் கூட்டம் எழுந்து போன பிறகு ஆடுகிற ஆட்டமாக இருக்கக் கூடாது. இந்த வருஷம் கேஷும் கிளாஸ்பூலும் வென்றதை மாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து நான் பார்த்தேன். 1936-க்குப் பிறகு இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் சேர்ந்து ஜெயித்த முதல் தடவை என்றார்கள். கூட்டமும் இருந்தது. அதை மாற்ற வேண்டாம். கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். வெளி கோர்ட்டுகளில் முதல் வாரம் முழுக்கக் காலை 11 மணிக்கே தொடங்குகிறீர்களே, இரட்டையர் இறுதியையும் 11 மணிக்கு வையுங்கள். ஒற்றையரை 2 அல்லது இரண்டரைக்கு வையுங்கள். எங்களுக்கு ஆறரை, மிஞ்சினால் ஏழு மணி. கிழங்கு கொஞ்சம் ஆறியிருக்கும், பரவாயில்லை. உங்கள் ஊர் ஆட்கள் காலை 11 மணிக்கு வந்து உட்கார மாட்டார்கள் என்று சொன்னால், ராத்திரி முழுக்கப் பூங்காவில் கூடாரம் போட்டு டிக்கெட் வரிசையில் கிடக்கிறவர்கள் யார் என்று கேட்பேன்.

பெண்கள் இறுதி ஆட்டத்தைப் பற்றி எனக்கு இந்த வருஷம் வழக்கில்லை. ஸ்வியாடெக் அனிசிமோவாவை 6-0, 6-0 என்று முடித்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, 57 நிமிஷம். என் மனைவி அடுக்களையில் ஒரு வேலையை முடித்து வந்து "இஞ்சேருங்க, எப்ப தொடங்கும்?" என்று கேட்டாள். பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அனிசிமோவா பேசும்போது அழுததைப் பார்த்து இவளும் அழுதாள், ஆட்டத்தைப் பார்க்காமலே.

சின்னக் குறை நடுவில் வந்து விழும் என்று சொன்னேன் அல்லவா, இதோ. எல்லைக் கோட்டு நடுவர்களை ஏன் அனுப்பிவிட்டீர்கள்? முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, பந்து வெளியே விழுந்ததும் கையை நீட்டிக் கத்துவார்களே, எங்கள் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போதுகூட அதைப் போலச் செய்து காட்டும். இப்போது ஒரு இயந்திரக் குரல் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. அதுவும் நாலாவது சுற்றில் பாவ்லியுசென்கோவா ஆட்டத்தில் அந்த இயந்திரத்தைத் தவறுதலாக அணைத்து வைத்துவிட்டதால் அந்தக் குரலும் வரவில்லை, பாயின்ட்டைத் திரும்ப ஆடினார்கள். டீக்கடையில் இதைச் சொன்னபோது கடைக்காரர், "அங்கயும் கரண்டு போவுதா ஓய்?" என்றார். எங்கள் ஊரில் ஒரு ஆறுதல் கிடைத்தால் விட மாட்டோம்.

கரண்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜூலை 13 அன்று இரண்டாவது செட் முடியும் நேரம் காற்றும் மழையுமாக ஒரு கொம்பு முறிந்து கம்பியில் விழுந்து எங்கள் பக்கம் முழுக்க இருட்டானது. யார் குற்றமும் இல்லை, இந்த மாதத்தில் நடப்பதுதான். மகளின் கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, நாலு பேர் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தோம். சார்ஜ் முப்பத்தொன்று. அந்தச் சின்னத் திரையில் பந்து ஒரு மஞ்சள் புள்ளி, சிக்னல் தடுமாறும்போது அந்தப் புள்ளி வலைக்கு மேலே நின்றுவிடும். பிறகு பார்த்தால் யாரோ பாயின்ட் ஜெயித்திருப்பார். பாரிஸில் மூன்று பாயின்ட்டைக் கைவிட்ட சின்னர் அதிலிருந்து ஐந்து வாரத்தில் எழுந்து வந்து 4-6, 6-4, 6-4, 6-4 என்று முடித்தார். இத்தாலிக்காரர் ஒருவர் உங்கள் ஒற்றையர் பட்டத்தை வெல்வது இதுதான் முதல் தடவை. மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. சார்ஜ் நாலு. ஆறரைக்குத் தொடங்கியிருந்தால் கரண்டு போகும் முன்பே முடிந்திருக்கும் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நாலு செட்டோடு முடிந்ததால் தப்பித்தேன். ஒருவேளை அல்கராஸ் நாலாவது செட்டைப் பிடித்திருந்தால்? இந்தக் கேள்வியோடு ஒரு ரசிகன் ஆட்டம் பார்க்கக் கூடாது. மூன்றாவது செட்டில் அல்கராஸ் சர்வை இழந்தபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது, சீக்கிரம் முடியும் என்று. வெட்கமாக இருந்தது. நான் யார் கட்சியும் இல்லாமல், ஐந்து செட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்காருகிற ஆள். என்னை இப்படி ஆக்கிவிட்டீர்கள்.

இவ்வளவுதான் வழக்கு. மழை விட்டிருக்கிறது, பாவாடை கிழிந்த மரங்களைப் பார்க்கப் போக வேண்டும். அடுத்த வருஷ நேர அட்டவணையை அச்சடிக்கும் முன்பு இதைக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஊரில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
குலசேகரம் பக்கத்து பால்வெட்டுக்காரன்
ஜூலை 2025

பி.கு.: ஆடி முடித்த பந்துகளை மைதானத்தில் விற்பதாகப் படித்தேன். அந்தப் பந்துக்கு ரப்பர் மலேசியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போய், அங்கே பந்தாகி, உங்களிடம் வருகிறதாம். எங்கள் பால் இல்லை என்பது இப்போது உறுதியாகிவிட்டது. இருந்தாலும் ஒன்று அனுப்பினால் நல்லது. தாத்தாவின் கத்தி இன்னும் புகைப்புரையின் கூரையில் செருகித்தான் இருக்கிறது, தீட்டி வைக்கிறேன். தபால் செலவு என்னுடையது.